மான் வேட்டைக்கு எந்தக் குண்டு? பால் கேன்களை வரிசையாக அடுக்கிச் சுட்டுப் பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநில வடக்குக் காடுகளில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு நான் எடுத்துப்போவது .308 வின்செஸ்டர் ரைஃபிள். எந்தத் துப்பாக்கி நல்லது என்று இங்கே யாரைக் கேட்டாலும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எந்தக் குண்டு நல்லது என்று கேட்டால் மட்டும், கடையில் கிடைப்பதை வாங்கிக்கொள் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால் மானின் உடம்பைத் தொடப்போவது அந்தக் குண்டு மட்டும்தான். மான் நொடியில் விழுமா, காயத்தோடு இரவெல்லாம் அலையுமா, அதன் கறியை என் பிள்ளைகளுக்கு நிம்மதியாகப் போட முடியுமா என்பதெல்லாம் அந்தச் சின்ன உலோகத் துண்டைப் பொறுத்தது. அதனால் இந்த முறை சீசனுக்கு முன்பே உட்கார்ந்து, வகைக்கு ஒரு பெட்டி வாங்கி, சுட்டு, எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தேன்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். மினசோட்டாவில் நிலைமை வேறு. ஓநாயும் கரடியும் பெரும்பாலான மாவட்டங்களில் இல்லை. மான் பெருகினால் பயிரும் இளங்காடும் போகும், சாலை விபத்தும் கூடும். மாநில இயற்கை வளத் துறையே உரிமம் கொடுத்து, எந்த வட்டாரத்தில் எத்தனை மான் எடுக்கலாம் என்று ஆண்டுதோறும் வரையறுக்கிறது. 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் வேட்டை உரிமம் கிடைக்கும். நானும் அந்த வழியாக வந்தவன்தான்.

சரி, குண்டுக்கு வருவோம். இந்தப் பதிவில் தோட்டா என்றால் பித்தளைக் கூடு, மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், முனைக் குண்டு எல்லாம் சேர்ந்த முழுசு. குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்து போகும் துண்டு மட்டும். .308-இல் அதன் விட்டம் 7.8 மில்லிமீட்டர். எடையை கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நான் சோதித்த 150 கிரெய்ன் குண்டு 10 கிராம் கூட வராது. அது குழல் வாயைத் தாண்டும்போது நொடிக்கு ஏறக்குறைய 2,800 அடி வேகத்தில் போகிறது.

எதை வாங்கக் கூடாது என்பது சுலபமான பகுதி. முழு உலோக உறை போட்ட குண்டு, அதாவது ராணுவப் பயிற்சிக்கும் ரேஞ்சில் சுடுவதற்கும் மலிவாகக் கிடைப்பது, மானுக்கு ஆகவே ஆகாது. உடம்புக்குள் போனாலும் அது விரியாது. பென்சில் தடிமனுக்கு ஒரு துளை போட்டுவிட்டு மறுபக்கம் வெளியேறிவிடும். மான் அந்தக் காயத்தோடு ஒரு மைல் ஓடி, யார் கண்ணிலும் படாத சதுப்பில் போய்ச் சாகும். மினசோட்டா சட்டமே மானுக்கு மென்முனைக் குண்டோ விரியும் குண்டோதான் என்று கட்டாயப்படுத்துகிறது. இதில் ஒரு வரலாற்று முரண் இருக்கிறது. விரியும் குண்டுக்கு டம்டம் என்று பெயர் வந்தது கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள டம்டம் ஆயுதச் சாலையால். 1890-களில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காக அங்கே செய்தார்கள். 1899 ஹேக் பிரகடனம் போரில் அதைத் தடை செய்தது. மனிதன் மேல் சுடக் கூடாது என்று விலக்கிய அதே விரியும் தன்மையைத்தான் விலங்கு வேட்டையில் சட்டம் கேட்கிறது. போரில் எதிரி காயப்பட்டு விலகினாலே போதும். மான் விஷயத்தில் காயப்பட்டுத் தப்புவதைவிடக் கொடுமை வேறில்லை.

விரியும் குண்டுகளில் நான்கு வகை வாங்கினேன், எல்லாமே 150 கிரெய்ன். எடை ஒன்றாக இருந்தால்தான் கட்டுமானத்தில் உள்ள வித்தியாசம் தெரியும்.

முதல் வகை, ஈய உள்ளீட்டின் மேல் மெல்லிய செப்பு உறை, முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியும் சாஃப்ட் பாயின்ட். இங்கே தாத்தாக்கள் காலத்திலிருந்து மானுக்கு இதுதான். ரெமிங்டனின் கோர்-லாக்ட் 1939 முதல் இருக்கிறது. இரண்டாவது, முனையில் பிளாஸ்டிக் கூர் வைத்தது. மோதியதும் அந்தக் கூர் ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிக் குண்டைச் சட்டென்று பிளக்கும். மூன்றாவது பாண்டட்: ஈயத்தையும் உறையையும் பிரிய முடியாதபடி ஒட்டவைத்தது. நான்காவது முழுச் செம்பு. ஈயமே கிடையாது, முனையில் குழி, மோதினால் நான்கு இதழாக விரியும்.

இவற்றுக்கு நடுவே பார்ட்டிஷன் என்றொரு வகையும் உண்டு. 1946-இல் ஜான் நாஸ்லர் கனடாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டார். சேறு அப்பிக் காய்ந்த தோலில் பட்ட குண்டுகள் உள்ளே ஆழமாகப் போகாமல் மேலேயே சிதறின. அதற்குப் பதிலாகக் குண்டின் நடுவே ஒரு செப்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி முழுசாக உள்ளே போகும்படி செய்தார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது; இன்றைக்கும் நல்ல குண்டுதான். நான் வாங்காததற்குக் காரணம், முன்பாதி ஈயம் சிதறுவதை அதுவும் தடுக்காது என்பதுதான். ஈயத்தைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று பின்னால் சொல்கிறேன்.

சோதனைக்குக் காலி பால் கேன்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு கேலன் கேன், தண்ணீர் நிரப்பினால் எட்டு பவுண்டுக்கு மேல் கனம், ஆறு அங்குல அகலம். நண்பரின் நிலத்தில், பின்னால் உயரமான மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்து, ஒரு நீளப் பலகையில் கேன்களை ஒட்டி ஒட்டி வரிசையாக நிறுத்தினோம். இரண்டு பக்கமும் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கேன் வெடிக்கும்போது மற்றவை உருண்டுவிடும், குண்டும் பக்கவாட்டில் விலகிப் போய்விடும். தண்ணீர் தசையைவிடக் கடினமான எதிரி. குண்டை அதிகமாகவே விரியச் செய்யும். அதனால் இத்தனை கேன் என்றால் மானில் இத்தனை அங்குலம் என்று நேராகக் கணக்குப் போட முடியாது. ஒரு வகையை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும்தான் இது உதவும். அதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

50 கெஜத்திலும் 150 கெஜத்திலும் சுட்டேன். என் காட்டில் மான் தென்படும் தூரம் அவ்வளவுதான். பிர்ச்சும் ஸ்ப்ரூஸும் அடர்ந்த இடம், அதற்கு மேல் பார்வையே போகாது. தங்கள் தூரம் எது என்று தெரியாமல் குண்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம். 400 கெஜத்துக்கென்று வடிவமைத்த, குறைந்த வேகத்திலும் எளிதில் விரியும் குண்டை 50 கெஜத்தில் சுட்டால், முழு வேகத்தில் மோதி அது பொடியாகிவிடும். தடித்த குண்டை மிகத் தொலைவில் சுட்டால் வேகம் போதாமல் விரியாமலே போகும். செம்புக் குண்டுகள் ஒழுங்காக விரிய நொடிக்கு 2,000 அடி அளவுக்காவது வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. 150 கெஜத்தில் .308 அதற்கு மேலேயே நிற்கிறது.

பிளாஸ்டிக் கூர் வைத்த குண்டு 50 கெஜத்தில் முதல் கேனை இல்லாமலே ஆக்கிவிட்டது. மூடி மட்டும் பக்கத்துப் புதரில் கிடைத்தது. இரண்டாவது கேன் இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவதின் அடியில் சுருண்ட செப்பு உறை மட்டும் கிடந்தது. தராசில் வைத்தால் 60 கிரெய்னுக்கும் கீழே. மீதி எங்கே என்று பார்க்க, உடையாமல் அடியில் தண்ணீர் தேங்கியிருந்த கேன் துண்டை எடுத்து, காபி வடிகட்டும் வெள்ளைத் தாளில் ஊற்றினேன். தண்ணீர் இறங்கியதும் தாளில் சாம்பல் நிறத்தில் பொடி படிந்தது. விரலால் தடவினால் பிசுபிசுவென்று கறை. பெரிய துண்டுகள் அரிசி நொய் அளவு, சின்னவை கண்ணுக்கே தெரியவில்லை. தாளை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் மின்னின. அவ்வளவும் ஈயம்.

சாஃப்ட் பாயின்ட் நான்காவது கேனில் நின்றது. நல்ல காளான் வடிவம், 95 கிரெய்ன் மிச்சம். வடிகட்டிய தாளில் பொடி குறைவு, ஆனால் இருந்தது. பாண்டட் ஐந்தாவது கேன் வரை போய், 130 கிரெய்னுக்குக் கொஞ்சம் மேலே தங்கியது. செம்புக் குண்டை ஆறாவது கேனில் கண்டெடுத்தேன்: நான்கு இதழும் பின்னோக்கி மடங்கி, கத்தி முனை போல் விளிம்பு, விட்டம் முக்கால் அங்குலத்தைத் தொடவில்லை என்றாலும் அரை அங்குலத்தைத் தாண்டியிருந்தது. எடை 149 கிரெய்ன். வடிதாள் வெறும் தண்ணீர்க் கறையோடு காய்ந்தது. 150 கெஜத்தில் சுட்டபோது பிளாஸ்டிக் கூர் கொஞ்சம் அடக்கமாக நடந்துகொண்டது; செம்பு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. தூரம் மாறினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வது பெரிய குணம் என்று எனக்குப் பட்டது.

இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். மானை உடனே வீழ்த்துவதை மட்டும் அளவுகோலாக வைத்தால், சீக்கிரம் சிதறும் குண்டு கெட்ட குண்டு இல்லை. பக்கவாட்டில் நிற்கும் மானின் விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்து இரண்டு நுரையீரலையும் சிதைத்தால், மான் நின்ற இடத்திலேயே விழக்கூடும். இங்கே பலர் அதனால்தான் அதை விரும்புகிறார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மான் சற்றுத் திரும்பி நின்று குண்டு தோள்பட்டை எலும்பில் பட்டால். கிட்டத்தில் முழு வேகத்தில் எலும்பில் மோதிய குண்டு வெளியிலேயே சிதறி, மேல்காயமாக நின்றுவிடலாம். செம்புக் குண்டு எலும்பை உடைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். மறுபக்கம் துளை விழுந்தால் இரத்தம் தரையில் சொட்டும், தடம் பிடித்துத் தேடலாம். அடர்ந்த காட்டில் மறுபக்கத் துளையின் மதிப்பு, தடம் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது ஈயம். 2008-இல் பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு வேட்டைக்காரர்கள் கொடுத்த மான் கொத்துக்கறியில் ஈயத் துகள்கள் இருப்பது தெரியவந்து, அதையெல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். அதைத் தொடர்ந்து மினசோட்டா இயற்கை வளத் துறை செம்மறியாட்டு உடல்களை வகைவகையான குண்டுகளால் சுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. வேகமாக விரியும் குண்டுகள் ஓர் உடலில் சராசரியாக நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியிருந்தன. குண்டு போன பாதையிலிருந்து ஓர் அடி தள்ளிக்கூடத் துண்டுகள் கிடந்தன. காயத்தைச் சுற்றிக் கையகலம் வெட்டி எறிந்தால் போதும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஈயம் வெளியேறும் என்பதும் சரியில்லை, கழுவும் தண்ணீரோடு மற்ற இடங்களுக்கும் பரவுகிறது.

குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். என் வீட்டில் மான்கறி விருந்துக்கு மட்டும் செய்கிற பண்டம் இல்லை. குளிர்காலம் முழுக்க அதுதான் கறி. நம் சமையலில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. ஈயக் குண்டு பட்ட காடைகளை வினிகரில் ஊறவைத்து ஸ்பெயினில் ஆராய்ந்தபோது, புளிப்பு ஈயத்தைக் கரைத்துக் கறிக்குள் இறக்குவது தெரிந்தது. நாம் மான்கறியைத் தயிரில் ஊறவைத்து, தக்காளியும் எலுமிச்சையும் சேர்த்து, சில வீடுகளில் புளியும் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம். காபித் தாளில் மின்னிய அந்தப் பொடியைப் பார்த்த பிறகு, அதே பொடி குழம்பில் இருக்கலாம் என்று நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

கறியோடு இது நிற்பதும் இல்லை. மானைக் காட்டிலேயே வயிறு கிழித்துக் குடலை அங்கேயே விடுவது இங்கே வழக்கம். கழுகுகள் அதைத் தின்ன வரும். 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, 38 மாநிலங்களில் 1,200-க்கும் மேற்பட்ட வெண்தலைக் கழுகுகளையும் பொன்னிறக் கழுகுகளையும் சோதித்ததில், ஏறக்குறைய பாதிக்கு நாள்பட்ட ஈய நஞ்சு இருந்ததாகச் சொன்னது. கலிஃபோர்னியா தன் காண்டார் கழுகுகளைக் காப்பாற்றத் தொடங்கிய தடையைப் படிப்படியாக விரித்து, 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டது. மினசோட்டாவில் அப்படி ஒரு பொதுத் தடை இல்லை; முடிவை வேட்டைக்காரரிடமே விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவு கடினமாக இல்லை. செம்பு.

விலை கூடத்தான். இருபது தோட்டாக்கள் கொண்ட பெட்டி, சாதாரண சாஃப்ட் பாயின்டைப் போல ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு. ஆனால் ஒரு சீசனில் மானை நோக்கிச் சுடுவது ஓரிரு தோட்டாக்கள். உரிமம், பெட்ரோல், கம்பளி உடுப்பு என்று செலவழிக்கிறவர் இதில் மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிவதில்லை.

குண்டை முடிவு செய்தபின் துப்பாக்கியை அதற்குப் பழக்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. கன செண்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், செம்பு 9 கிராம். அதனால் ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்கக் குழலுக்குள் இருக்கும் புரி, அதாவது உள்சுவரில் வெட்டிய சுருள் பள்ளம், வேகமாகச் சுழற்ற வேண்டும். என் குழல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 150 கிரெய்னுக்குத் தாராளம். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பழைய குழல் வைத்திருப்பவர்கள் 130 கிரெய்னில் தொடங்கலாம். செம்பில் எடையைக் குறைத்தால் பயம் வேண்டாம்; எடையை இழக்காத குண்டு என்பதால் அந்த 130-உம் முழுசாக உள்ளே போகும், வேகமும் கூடும்.

குழலைச் செப்புக் கரைப்பான் போட்டு, துணியில் நீலக் கறை வருவது நிற்கும் வரைக்கும் துடைத்தேன். பழைய குண்டுகளின் உறை விட்டுப்போன படிவின் மேல் வேறு கலவைச் செம்பு போனால் குறி சிதறும். சுத்தமான குழலில் முதல் சில தோட்டாக்கள் அங்குமிங்கும் போகும்; அவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு 100 கெஜத்தில் மூன்று மூன்றாகச் சுட்டதில், ஒன்றே கால் அங்குலத்துக்குள் துளைகள் கூடின. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் வட்டம் எட்டு அங்குலம். போதும். ஆனால் பழைய சாஃப்ட் பாயின்டுக்குச் சரிசெய்து வைத்திருந்த ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்), செம்பு இரண்டு அங்குலம் கீழேயும் ஓர் அங்குலம் இடதுபக்கமும் பட்டது. என் ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம் என்பதால், மேலே எட்டு, வலது நான்கு. எடை ஒன்றுதானே என்று பெட்டியை மாற்றிவிட்டு நேரே காட்டுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு அங்குலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக ஒரு முறை, குழலை ஆறவிட்டு ஒரே ஒரு தோட்டா. காட்டில் எப்போதும் ஆறிய குழலில் முதல் தோட்டாதான் சுடப்போகிறோம். அது போகும் இடம்தான் உண்மையான ஜீரோ, அதாவது குறியும் குண்டும் ஒன்றுசேர வேண்டிய புள்ளி.

நவம்பர் தொடக்கத்தில் சீசன் திறந்தது. ஒரு காலை, 80 கெஜத்தில் ஒரு பெட்டை மான் பக்கவாட்டில் நின்றது. முன்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே ஏறி, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் குறுக்குக் கோட்டை வைத்தேன். ஈயக் குண்டாக இருந்தால் இன்னும் இரண்டு விரல் பின்னால் வைத்திருப்பேன். செம்பு எலும்பைக் கண்டு தயங்காது என்பதால் தோள்பட்டைக்கு நெருக்கமாகவே வைத்தேன். சுட்டதும் மான் துள்ளி ஓடியது. செம்பில் இது சகஜம். ஓடுகிறதே என்று கலங்க வேண்டாம். அரை மணி நேரம் அசையாமல் காத்திருந்து இறங்கினேன். நின்ற இடத்தில் முடியும், நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தமும். நுரை இருந்தால் நுரையீரல். காய்ந்த இலைகளின் மேல் இரண்டு பக்கமும் தெறித்திருந்ததால் தேட வேண்டிய வேலையே இல்லை. 50 கெஜத்துக்குள் கிடந்தது.

வீட்டில் உரித்துப் பார்த்தபோது, உள்ளே போன துளை சுண்டுவிரல் நுழையும் அளவு, வெளியே வந்த துளை பழைய ஒரு ரூபாய்க் காசு அளவு. இரண்டு நுரையீரலும் கிழிந்திருந்தன. ஒரு விலா எலும்பு துண்டாகியிருந்தது. முன்சந்தில் இரத்தம் கட்டிய இடம் உள்ளங்கை அளவுகூட இல்லை. சாஃப்ட் பாயின்ட் பட்ட மான்களில் அந்த முன்சந்து முழுக்க ஜெல்லி மாதிரி ஆகி எறியப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். இந்த முறை முன்சந்தும் கொத்துக்கறிக்கு ஆனது. காயத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெட்டி நீக்கினேன். எலும்புச் சிதறல் இருக்கும் என்பதற்காகத்தான்.

செம்பில் எனக்குத் தெரிந்த ஒரே குறை, நுரையீரலின் பின்ஓரத்தில் மட்டும் பட்டால் சாஃப்ட் பாயின்ட் அளவுக்கு அது உதவிக்கு வராது என்பது. சிதறாத குண்டு, போகிற பாதையில் உள்ளதைத்தான் கிழிக்கும். கை நடுங்கும் தூரத்தில் சுடாமல் இருப்பதுதான் அதற்கு மருந்து. துப்பாக்கியை மரக்கிளையிலோ ஷூட்டிங் ஸ்டிக்கிலோ ஊன்ற முடியாவிட்டால் நான் விசையைத் தொடுவதில்லை.

மச்சானிடம் .243 வின்செஸ்டர் இருக்கிறது. பழக்கமில்லாத தோளுக்கு உதை குறைவு என்பதால் புதியவர்கள் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். குண்டு சின்னது என்பதால் கட்டுமானம் அதில் இன்னும் முக்கியம். அவருக்கு 80, 85 கிரெய்ன் செம்புக் குண்டுகளை வாங்கி வைத்திருக்கிறோம். பனி உருகியதும் அதே மண்மேட்டில் கேன்களை அடுக்கிச் சுட்டுப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். எனக்கு அடுத்த இரண்டு சீசனுக்கு ஒரே தயாரிப்பு எண்ணுள்ள பெட்டிகளாகப் பார்த்து வாங்கி, ஸ்கோப் எண்ணிக்கையையும் தேதியையும் பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.